இருட்டில் படமெடுக்க எதை முதலில் வாங்குவது: ட்ரைபொட்டா, 50 எம்எம் லென்ஸா, போனே போதுமா?

மட்டக்களப்பில் படமெடுக்கப் பழகும் மாணவரிடம் பெரும்பாலும் ஒரு பழைய கமராவும் அதோடு வந்த 18–55 கிட் லென்ஸும் இருக்கும், அல்லது போன் மட்டும் இருக்கும். பொழுதுபட்டால் இரண்டும் தடுமாறும். காசு ஒரு பொருளுக்குத்தான் காணும் என்றால் எதை வாங்குவது? ட்ரைபொட் என்ற முக்காலி கமராவை அசையாமல் தாங்கி, ஒளியை உள்ளே விடும் கதவான ஷட்டரை நெடுநேரம் திறந்து வைக்க விடுகிறது. 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் (எஃப் எண் சிறிதானால் லென்ஸின் துவாரம் பெரிது) அதே நேரத்துக்குள் அதிக வெளிச்சத்தை உள்ளே எடுக்கிறது. போனின் இரவு மோட் பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது. எதிரே இருப்பது அசையுமா, அசையாதா என்பதைப் பொறுத்தே மூன்றும் வெல்லும், தோற்கும்.

அசையாததற்கு நல்ல பாடம் கல்லடி வாவிக்கரை. 1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலமும் புதிய பாலமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. கல்லடிப் பக்கக் கரையிலிருந்து மேற்கே பார்த்தால் பொழுது படும் வானமும் தண்ணீரும் ஒரே சட்டத்துக்குள், அதாவது படத்தின் எல்லைக்குள், வரும். நாம் பூமத்தியரேகைக்குக் கிட்ட இருப்பதால் அந்தி சீக்கிரம் முடிந்துவிடும். வான நீலமும் விளக்கொளியும் சமமாக இருப்பது சூரியன் மறைந்து 15 முதல் 25 நிமிடம் வரைதான். ஆகவே வெளிச்சம் இருக்கும்போதே ட்ரைபொட்டை நிறுத்தி, சட்டத்தை முடிவு செய்துவிட வேண்டும்.

ஐஎஸ்ஓ (கமராவின் ஒளி உணர்திறன்) 100, எஃப் 8, ஷட்டர் 4 முதல் 8 செக்கன் என்று தொடங்குங்கள். இருட்ட இருட்ட 15 செக்கன் வரை போகலாம். லைவ் வியூவில் (பின்திரையில் காட்சியைப் பார்க்கும் முறை) தூரத்து விளக்கொன்றைப் பெருப்பித்து போகஸ் செய்தபின் மெனுவல் போகஸுக்கு மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு படத்துக்கும் லென்ஸ் போகஸைத் தேடி அலையும். நடுக்கம் குறைக்கும் வசதியை நிறுத்துங்கள். ட்ரைபொட்டில் வைத்த கமராவில் சில லென்ஸ்கள் இல்லாத அசைவைத் தேடித் தாமே படத்தைக் கலக்கிவிடும். 2 செக்கன் டைமர் போட்டால் விரல் பட்ட அதிர்வு அடங்கிவிடும். கடற்காற்றுக்கு நடுத்தண்டை உயர்த்த வேண்டாம். தண்டில் பையைத் தொங்கவிடுவதானால் அதன் அடி நிலத்தைத் தொட்டபடி இருக்கட்டும். காற்றில் ஊசலாடும் பை கமராவையும் ஆட்டும். பாலத்தின் மேல் ட்ரைபொட்டை வைக்கவே வேண்டாம், ஒரு பஸ் போனாலே தளம் அதிரும்.

சட்டமைப்பைக் கற்றுத் தருவதில் ட்ரைபொட்டுக்கு இணை இல்லை. கமரா அசையாமல் நிற்பதால் நான்கு மூலையையும் பார்க்க நேரம் கிடைக்கிறது: ஓரத்தில் வெட்டுப்பட்ட மின்கம்பம், சரிந்த நீர்க்கோடு எல்லாம் கண்ணில் படும். எட்டுப் பத்து செக்கனில் சிற்றலைகள் மழுங்கி, விளக்குகளின் பிம்பம் தண்ணீரில் நீண்ட தூண்களாக விழும். அந்தத் தூண்கள் முழுதாக வர வேண்டுமென்றால் விளக்கு வரிசையைச் சட்டத்தின் மேல் மூன்றிலொரு பங்கில் வைத்து, கீழே தண்ணீருக்கு இடம் விடுங்கள். எஃப் 16க்கு மூடினால் விளக்குகள் நட்சத்திரமாகும், ஆனால் படம் முழுவதும் கூர்மை சற்றுக் குறையும். எஃப் 11 நல்ல இடைவழி.

கூத்து ஆடும் களமான களரிக்குப் போனால் நிலைமை தலைகீழ். ஆடுபவருக்கு முன்னால் ட்ரைபொட்டால் ஒரு பயனும் இல்லை: கமரா நிற்கும், ஆள் நிற்கமாட்டார். கிட் லென்ஸை 50க்கு நீட்டினால் அப்பெர்ச்சர் (லென்ஸின் துவாரம்) எஃப் 5.6க்குச் சுருங்கிவிடும். எஃப் 1.8 அதைவிட ஏறத்தாழ பத்து மடங்கு வெளிச்சம் தரும். களரி விளக்கில் எஃப் 2, ஷட்டர் 1/200 செக்கன், ஐஎஸ்ஓ 1600 என்று எடுக்கக்கூடிய அதே படத்துக்கு கிட் லென்ஸ் ஐஎஸ்ஓ 12800 கேட்கும். பழைய கமராவில் அது வெறும் புள்ளிக்கோலம்.

இங்கே பலர் கவனிக்காத ஒரு சிக்கல் உண்டு. நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். டியூப் லைட்டும் மலிவான எல்இடியும் செக்கனுக்கு 100 தடவை மங்கி ஒளிரும். 1/200இல் எடுத்தால் சில படங்களில் கரும்பட்டை விழும், அடுத்தடுத்த படங்களின் நிறமும் மாறும். 1/100 அல்லது 1/50 வைத்தால் ஒளியின் முழுச் சுற்று உள்ளே வந்து பட்டை மறையும். 1/100இல் துள்ளலை உறைய வைப்பது கடினம் என்பதால், தாளம் முடிந்து ஆடுபவர் ஒரு கணம் நிலைக்கும் இடத்தைக் காதால் பிடியுங்கள். மத்தளத்தைக் கேட்டு எடுப்பவருக்கு வேகமான ஷட்டர் அவ்வளவு தேவைப்படாது.

50 எம்எம்மில் தொல்லைகளும் இருக்கின்றன. கிராப் சென்சார் (அளவில் சிறிய சென்சார்) கமராவில் அது 75–80 எம்எம் போல நடந்துகொள்ளும். கிரீடத்தோடு ஆளை முழுதாக எடுக்க, கமராவை நிமிர்த்திப் பிடித்தும் ஏறத்தாழ 5 மீற்றர் தள்ளியிருக்க வேண்டும். எஃப் 1.8இல் 2 மீற்றர் தூரத்து முகத்துக்குக் கூர்மையின் ஆழம் சுமார் 11 சென்ரிமீற்றர்தான். இருவர் முன்பின்னாக நின்றால் ஒருவர் மங்கிவிடுவார். வட்டக்களரியில் எதிர்ப்பக்கச் சனமே பின்னணி. முன்வரிசையில் தரையில் இருந்து எடுத்தால் பின்னால் இருண்ட வானம் வரும், விரிந்த கூத்து உடையான கரப்புடுப்பும் கிரீடமும் உயர்ந்து தெரியும், பின்னால் இருப்பவர்களுக்கும் மறைக்காது. விளக்கு நேரே லென்ஸுக்குள் அடித்தால் இரண்டடி நகர்ந்து அதைக் கிரீடத்துக்குப் பின்னால் ஒளித்துவிடுங்கள். கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாரிடம் படமெடுக்கலாமா என்று முன்கூட்டியே கேளுங்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம்.

தீமிதிப்புக்கும் இதே லென்ஸ்தான். கமரா சுற்றியிருக்கும் இருட்டைப் பார்த்து ஏமாந்து தணலை வெளிறச் செய்யும் என்பதால் எக்ஸ்போஷரை 1 அல்லது 2 படி (ஒரு படி என்றால் வெளிச்சம் பாதி) குறையுங்கள்.

போனின் இரவு மோட் கடைத்தெருவுக்கும் கரைக்கும் நன்றாகவே வேலை செய்யும். ஆடுபவரில் அது கையையும் முகத்தையும் இழுத்துப் பூசிவிடும். பிரதான லென்ஸை மட்டும் பாவியுங்கள், எடுக்குமுன் கண்ணாடியைத் துடையுங்கள், திரையைத் தொட்டுப் பிடித்து வெளிச்சத்தை ஒரு படி இறக்குங்கள். இல்லையென்றால் இரவைப் பகலாக்கி வைக்கும்.

முதல் வாங்குவது ட்ரைபொட்டாக இருக்கட்டும். ஒரு போன் பிடியும் சேர்த்தால் கமரா இல்லாதவருக்கும் அது உதவும், சட்டம் பார்க்கும் பழக்கம் அதில்தான் ஊறும். கூத்தும் திருவிழாவும்தான் உங்கள் விருப்பம் என்றால் மட்டும் இந்த வரிசையை மாற்றி லென்ஸை முதலில் எடுங்கள். நிக்கோன் டி3000, டி5000 வரிசைக் கமராக்களில் போகஸ் மோட்டார் இல்லை; பழைய 1.8டி லென்ஸ் அவற்றில் தானாகப் போகஸ் செய்யாது, ஏஎஃப்-எஸ் 1.8ஜி கேட்டு வாங்குங்கள். பாவித்த லென்ஸானால் பின்பக்கமாகப் போன் டோர்ச்சை அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். சிலந்திவலை போல நூல் தெரிந்தால் அது பூஞ்சணம், என்ன விலைக்குத் தந்தாலும் வேண்டாம். நல்லதாக வாங்கியதையும் இந்த ஈரக்காற்றில் பைக்குள்ளேயே கிடக்க விடாமல், சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில் வையுங்கள்.