ஆறாம் மாடி, தகரக் கூரை, ஒரு ஃபேன்

பாரிஸில் நான் வழக்கமாகத் தங்கும் அறையின் வீட்டுக்காரம்மாவிடமிருந்து போன வாரம் ஒரு செய்தி வந்தது. பழைய விருந்தாளி என்பதால் ஜூலை மாதத்துக்கு எனக்கு விலையைக் குறைத்திருக்கிறாராம். சொல்லிவைத்தாற்போல் அதே வாரம் சித்தி மகனும் கூப்பிட்டான். "அண்ணே, ஜூலைல அம்மாவ பாரிஸ் கூட்டிட்டுப் போறேன். நீங்க தங்குற ரூம் லிங்க்க அனுப்புங்க."

நான் அனுப்பவில்லை. ஏன் என்று அவனிடம் போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதி இங்கே.

2018 முதல் அதே அறையில் ஐந்து முறை தங்கியிருக்கிறேன். இடத்தைக் குறை சொல்ல வாயே வராது. 10வது வட்டாரம், கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து நடை தூரம். ஷார்ல் து கோல் விமான நிலையத்தில் பி ரயில் ஏறினால் அரை மணி நேரத்தில், வண்டி மாறாமல் வந்து இறங்கலாம். பக்கத்திலேயே லா சப்பல். ஈழத் தமிழர் கடைகள் வரிசையாக இருக்கும். நாலு நாள் ரொட்டியும் சீஸும் தின்று நாக்கு செத்த பிறகு கொத்து ரொட்டி வாசனை வந்தால் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகஸ்ட் கடைசியை ஒட்டிப் போனால் மாணிக்க விநாயகர் கோயில் தேர் பார்க்கலாம். பாரிஸ் தார் ரோட்டில் தேங்காய் உடையும் சத்தத்தை நம்ப எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

சரி, அறைக்கு வருவோம்.

பாரிஸில் பார்க்கிற அந்த அழகான பழைய கட்டடங்களில் உச்சி மாடி என்பது ஒரு காலத்தில் வேலைக்காரப் பெண்களுக்கு ஒதுக்கிய இடம். கீழே முதலாளி வீட்டில் உயரமான கூரை, பால்கனி எல்லாம் இருக்கும். மேலே சரிந்த கூரைக்கடியில் தீப்பெட்டி மாதிரி அறைகள். இன்று அவற்றை ஒட்டுப்போட்டு, வெள்ளையடித்து, "கூரைகளின் காட்சியோடு அழகிய ஸ்டூடியோ" என்று வாடகைக்கு விடுகிறார்கள். என்னுடையதும் அப்படித்தான். விளம்பரத்தில் "லிஃப்ட் உண்டு" என்று போட்டிருக்கும். பொய்யில்லை. ஐந்தாம் மாடியோடு நின்றுவிடும், அவ்வளவுதான். அதிலும் நானோ சூட்கேஸோ, ஒருவர்தான் போகலாம். ஆறாம் மாடிக்குப் பின்பக்கத்துச் சுருள் படி. இதெல்லாம் பழகிவிட்டது. எனக்குப் பழகாதது கூரை.

பாரிஸின் கூரைகள் துத்தநாகத் தகடு. படங்களில் வெள்ளி மாதிரி மின்னும். அந்தக் கூரை போடுகிறவர்களின் கைத்தொழிலை 2024ல் யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சேர்க்கட்டும், தகும். ஜூலையில் ஒரு ராத்திரி அதன் கீழே படுத்துப் பார்த்துவிட்டுச் சேர்த்தார்களா என்றுதான் எனக்குச் சந்தேகம்.

2019 ஜூலையில் போனபோது வெப்ப அலை வருகிறது என்று டிவியில் ஒரே அலறல். சென்னைக்காரனுக்கு என்ன வெயில் என்று அலுவலக நண்பர்களிடம் வீறாப்பாகச் சொன்னேன். ஜூலை 25ஆம் தேதி பாரிஸில் 42.6 டிகிரி. 1947ல் பதிவான 40.4தான் அதுவரை உச்சம். சின்ன வயதில் வியாசர்பாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டில் அக்னி நட்சத்திரத்தைத் தாண்டியவன் நான். ஆனால் அங்கே தலைக்கு மேல் ஒரு ஃபேன் ஓடியது. தாங்கவில்லை என்றால் பாயைச் சுருட்டிக்கொண்டு வாசலுக்குப் போகலாம். இங்கே ராத்திரி பத்து மணி வரை வெளிச்சம் போகாது. பகலெல்லாம் குடித்த வெயிலைக் கூரை அதற்குப் பிறகுதான் கக்க ஆரம்பிக்கும். ஊருக்கு வாங்கி வைத்திருந்த சாக்லேட் பெட்டிக்குள்ளேயே குழம்பாகிவிட்டது. ஏசி கிடையாது. வெளிச்சுவரில் ஏசி மாட்ட வேண்டுமென்றால் கட்டடத்தின் மற்ற உரிமையாளர்களும் மாநகராட்சியும் சம்மதிக்க வேண்டும். அது நடக்கிற காரியமில்லை என்று வீட்டுக்காரம்மா சொன்னார். சரி, ஒரு ஃபேன்? "வருடத்தில் பத்து நாள்தானே" என்றார்.

அந்தப் பத்து நாளுக்குத்தான் நான் காசு கொடுத்திருந்தேன்.

லா சப்பலில் நாலு கடை ஏறி இறங்கினேன். கடைசிக் கடைக்காரர் என் சட்டையைப் பார்த்தே புரிந்துகொண்டார். "ஃபேன் எல்லாம் முடிஞ்சுது தம்பி, நேற்றே வித்துப்போச்சு. பகல்ல யன்னலைத் திறக்காதேங்கோ. ராவில திறவுங்கோ." ஊர்ப் பழக்கத்தில் நான் காலையிலிருந்து காற்று வரட்டும் என்று திறந்தே போட்டிருந்தேன். வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிடச் சூடு என்பது உறைக்கவே இல்லை. ஆனால் என் அறையில் இருப்பது கூரையில் பதித்த கண்ணாடிச் சன்னல். மறைக்க வெளிக்கதவு கிடையாது. சமையலுக்கு வைத்திருந்த அலுமினியத் தாளைக் கண்ணாடியில் ஒட்டினேன். கொஞ்சம் கேட்டது. ஊர் திரும்பிய பிறகு, கண்ணாடியில் பசை ஒட்டியிருப்பதாக அம்மணியிடமிருந்து புகார்.

மூன்றாம் நாள் எங்கோ தேடி ஒரு ஸ்டாண்டு ஃபேன் வாங்கினேன். விமானத்தில் தூக்கிவர முடியுமா? அங்கேயே விட்டுவந்தேன். அடுத்த முறை முன்பதிவு செய்யப் போனால், வசதிகள் பட்டியலில் வைஃபைக்கும் காபி மெஷினுக்கும் நடுவில் புதிதாக ஒன்று: "மின்விசிறி". விலையும் கூடியிருந்தது.

இவ்வளவு திட்டிவிட்டு ஏன் திரும்பத் திரும்பப் போகிறாய் என்று என் மனைவியும் கேட்பாள். ஒருமுறை இந்த அறை கிடைக்காமல் அதே தெருவில் இரண்டாம் மாடியில் தங்கினேன். மேல்வீட்டில் பழைய மரத்தரை. காலை ஆறு மணிக்கு ஒரு குழந்தை ஓட ஆரம்பித்தால் என் தலைக்குள்ளேயே ஓடுகிற மாதிரி இருந்தது. உச்சி மாடியில் நமக்கு மேலே யாரும் இல்லை, புறாக்களைத் தவிர. அப்புறம் மழை. நவம்பரில் துத்தநாகத்தின் மேல் விழும் மழை ஆஸ்பெஸ்டாஸ் போல அறையாது. பொரி வறுக்கிற மாதிரி மெல்லிய சத்தம். போர்வைக்குள் அதைக் கேட்டுக்கொண்டே ஒரு மதியம் முழுக்கத் தூங்கினேன். அருங்காட்சியகத்துக்கு வாங்கிய டிக்கெட் வீணானது. வருத்தமே இல்லை.

தம்பிக்கு: சித்திக்கு அறுபத்தெட்டு வயது. 2003 ஆகஸ்ட் வெப்ப அலையில் பிரான்ஸில் ஏறத்தாழ 15,000 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் வயதானவர்கள். கூரைக்கு நேர் கீழே படுத்தவர்களுக்கு ஆபத்து அதிகமாக இருந்ததாகப் பிற்பாடு ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். ஆகவே இந்த அறை கூடாது, என்ன விலை குறைத்தாலும் கூடாது. அதே 10வது வட்டாரத்தில், அஞ்சல் எண் 75010 உள்ள முகவரியில், ஏசி போட்ட ஓட்டலாகப் பார். தெருப்பக்கம் வேண்டாம், உள்முற்றப் பக்கம் கேள். லிஃப்ட் எந்த மாடி வரை என்று எழுதிக் கேட்டு வாங்கு. மெட்ரோவில் 14ஆம் தடம் தவிர மற்றதெல்லாம் படி, படி, படி. சித்தி முழங்காலுக்கு ஆகாது. விமான நிலையத்திலிருந்து டாக்ஸியே பிடி, அந்தப் பக்கத்துக்கு நிர்ணயித்த கட்டணம் 2025ல் 56 யூரோ. வாரப் பயணச்சீட்டு திங்கள் முதல் ஞாயிறு வரைதான் செல்லும். வெள்ளிக்கிழமை இறங்கிக் கேட்டால் அடுத்த வாரத்துக்குத்தான் தருவார்கள்.

அறைக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. ஃபேன் விஷயத்தை நினைத்தால் ஒன்றரைதான் தரத் தோன்றுகிறது. வருகிற நவம்பரில் ஒன்பது நாளுக்கு அதையே பிடித்திருக்கிறேன். என் ஃபேன் இன்னும் அங்கே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.