இரட்டைப் புள்ளி பெப்சி என்று விற்கப்பட்ட பெட்டி: பழைய சோடா இயந்திரம் வாங்குவோர் கவனத்துக்கு

காசு போட்டால் குளிர்பானப் பாட்டில் தரும் பழைய சோடா இயந்திரங்களை அமெரிக்காவில் தேடி வாங்குகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் அனுப்புங்கள். ‘1948 வெண்டர்லேட்டர், இரட்டைப் புள்ளி பெப்சி, உள்ளும் புறமும் புதுப்பித்தது’ என்று 5,800 டாலருக்கு எனக்கு விற்கப்பட்ட இயந்திரம் 1948-ஐச் சேர்ந்ததும் அல்ல, பெப்சியும் அல்ல. புதிதாக இருந்தது மேலே அடித்த நீலப் பெயின்ட் ஒன்றுதான்.

அந்தக் காலத்தில் பெட்ரோல் நிலையங்களிலும் தொழிற்சாலை வாசல்களிலும் நின்ற இயந்திரங்களில் பெரும்பகுதியைச் சில நிறுவனங்களே செய்தன. கான்சாஸ் சிட்டியில் வெண்டோ, சட்டனூகாவில் கவலியர், கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோவில் வெண்டர்லேட்டர். கடைசியாகச் சொன்னதை 1956-இல் வெண்டோவே வாங்கிக்கொண்டது. கோக் இயந்திரங்கள் இன்றும் நிறையக் கிடைக்கின்றன. பெப்சி அவ்வளவு கிடைப்பதில்லை. ‘பெப்சி’, ‘கோலா’ என்ற இரு சொற்களுக்கு இடையே பழைய சின்னத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு புள்ளிகள் இருக்கும். 1950-களின் தொடக்கத்திலேயே அது ஒற்றையாகிவிட்டது. எனவே இரட்டைப் புள்ளி உண்மையானது என்றால் இயந்திரம் அதற்கு முந்தியது, விலையும் அதற்கேற்ப ஏறும். விற்றவர் கூடுதலாக வாங்கிய பணமெல்லாம் அந்த இரண்டு புள்ளிகளுக்காகத்தான்.

அவர் மத்திய மேற்குப் பகுதியில் ஒரு பட்டறை வைத்திருக்கிறார். தொலைபேசியில் மணிக்கணக்கில் பேசுவார், தாத்தா வேலை பார்த்த பாட்டில் ஆலைக் கதையெல்லாம் வரும். கதவைத் திறந்து படம் அனுப்புங்கள் என்றால் மட்டும் பெயின்ட் காயவில்லை, ரப்பர் ஒட்டியிருக்கிறது என்று ஏதாவது காரணம் வரும். வற்புறுத்திய பிறகு உட்புறப் படம் ஒன்று வந்தது. அது வேறொரு இயந்திரத்தின் படம். பூட்டுத் துளை இருக்கும் உயரமே வேறு என்பது பொருள் வந்து இறங்கியபின் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது தெரிந்தது. கடன் அட்டை வாங்க மாட்டார், வங்கிப் பரிமாற்றம் மட்டும்தான். ரசீதின் அடியில் ‘உள்ளது உள்ளபடி’ விற்கப்பட்டது என்ற வரி பொடி எழுத்தில் இருந்தது.

லாரியில் படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். கம்ப்ரஸர் எண்ணெய் கீழே இறங்கட்டும் என்று நிமிர்த்தி ஒரு நாள் விட்டு வைத்துத்தான் மின்சாரம் கொடுத்தேன். கைப்பிடியைத் தொட்டதும் சுரீரென்றது. உள்ளே துணி சுற்றிய பழைய கம்பி பொடிப்பொடியாக உதிர்ந்துகொண்டிருக்க, அதன் நுனியில் புத்தம்புதிய மூன்று முனை பிளக் மாட்டியிருந்தார்கள். எர்த் கம்பி எதிலும் இணைக்கப்படவில்லை, உள்ளே வெட்டி விடப்பட்டிருந்தது. இந்த இயந்திரங்கள் எர்த் இல்லாத இரு முனை பிளக் காலத்தவை. அப்படியே விட்டிருந்தால்கூடப் பார்க்கிறவர் எச்சரிக்கையாக இருப்பார். மூன்றாவது முனையைக் காட்டி ஏமாற்றியதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

குளிர்விக்கும் பகுதி ஏதோ ஒரு சிறிய அறைக் குளிர்பெட்டியிலிருந்து கழற்றியது. இதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பழைய இயந்திரங்களில் இருந்த ஆர்-12 என்ற குளிரூட்டும் வாயுவின் உற்பத்தி அமெரிக்காவில் 1995 முடிவோடு நின்றுவிட்டது. எனவே வேறு வாயுவுக்கு மாற்றுவது தவறல்ல, நல்ல பட்டறைகளும் அதைச் சொல்லிவிட்டுச் செய்கின்றன. இவரோ ‘அசல் கம்ப்ரஸர், பழுது நீக்கியது’ என்று எழுத்தில் கொடுத்திருந்தார்.

காசு போடும் துவாரத்துக்குப் பின்னால் வெறும் காற்று. கதவின் ஓரத்தில் ஒளித்து வைத்த ஒரு பொத்தானை அழுத்தினால் பாட்டில் வரும் என்றார், அதுவும் வரவில்லை. சேகரிப்பவர்களுக்கு இந்த நாணய உறுப்பு எவ்வளவு முக்கியம் என்பதை வெளியே உள்ளவர்கள் அறிய மாட்டார்கள். கோக் ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் ஐந்து சென்ட்டிலேயே நின்றதற்கு, ஒற்றை நிக்கலை, அதாவது ஐந்து சென்ட் காசை, மட்டும் ஏற்கும் இயந்திரங்களும் ஒரு காரணம். ஏழரை சென்ட் நாணயம் ஒன்றை அடித்துத் தர முடியுமா என்று 1953-இல் ஜனாதிபதி ஐசனோவர் வரை கோக் நிறுவனத்தார் கேட்டுப் பார்த்தார்கள். அந்த உறுப்பு இல்லாத இயந்திரம் சேகரிப்பவருக்குப் பாதி விலைகூடப் பெறாது.

பிறகு பெப்சி பாட்டில். 1934 முதல் பெப்சியின் பெருமையே ஐந்து சென்ட்டுக்குப் பன்னிரண்டு அவுன்ஸ் என்பதுதான். அந்தப் பழைய பாட்டில் ஒன்றை உள்ளே வைத்தேன். தடத்தில் நுழையவே இல்லை. நண்பர் ஒருவரிடமிருந்து ஆறரை அவுன்ஸ் கோக் பாட்டிலை வாங்கி வைத்தபோது அளவெடுத்ததுபோல உட்கார்ந்தது.

வாழ்நாள் முழுவதும் இவற்றையே பழுதுபார்த்த முதியவர் ஒருவரை அழைத்து வந்தேன். அவர் சட்டைப்பையிலிருந்து சின்னக் காந்தம் ஒன்றை எடுத்துக் கதவில் ஒட்டினார். விளிம்பில் கப்பென்று பிடித்தது, நடுவில் வழுக்கி விழுந்தது. நடுப்பகுதி முழுக்கத் தகட்டின்மேல் பூசிய பட்டி. உட்தகட்டைக் கழற்றி, கண்ணாடி இழைப் பஞ்சை விலக்கி விளக்கடித்தார். கதவின் பின்புறத்தில் இடவலம் மாறிய எழுத்துகள் குழிந்து நின்றன: ‘டிரிங்க் கோகோ-கோலா’. துருப்பிடித்த கோக் கதவின் புடைப்பு எழுத்துகளைப் பட்டி பூசி மறைத்து, நீலமடித்து, இரண்டு புள்ளி வைத்திருக்கிறார்கள். மாடல் தகடு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ரிவெட் துளைகள் மட்டும். ஐம்பதுகளின் நடுப்பகுதியில் செய்தது, உதிரி பாகங்களுக்காக 900 டாலர் பெறும் என்று முதியவர் மதிப்பிட்டார். பார்த்த கூலியை வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார்.

நீங்கள் வாங்குவதற்கு முன் கதவு திறந்த நிலையில் தொடர்ச்சியாக எடுத்த காணொளி கேளுங்கள். மாடல் தகடும் வரிசை எண்ணும் அதில் தெரிய வேண்டும், காசு விழுந்து பாட்டில் வெளிவர வேண்டும். உட்தகட்டைக் கழற்றிக் கதவின் பின்புறத்தைக் காட்டச் சொல்லுங்கள், நாலைந்து திருகுகள்தான். நேரில் போக முடிந்தால் காந்தத்தையும் எர்த் சோதிக்கும் மீட்டரையும் எடுத்துச் செல்லுங்கள். ஆண்டு, மாடல், எவை அசல் பாகம் என்பதெல்லாம் ரசீதிலேயே எழுதப்பட வேண்டும். ‘உள்ளது உள்ளபடி’ என்ற வரி இருந்தாலும், எழுதிக் கொடுத்த வருணனை பொய்யானால் கேட்க உங்களுக்கு வழி இருக்கும்.

விற்றவருக்குப் படங்களை அனுப்பியபோது, “விளையாட்டு அறையில் வைக்கும் பொருளின் கதவை யார் கழற்றிப் பார்ப்பார்கள்?” என்று கேட்டார். பிறகு, எங்கும் எழுதாமலிருந்தால் 400 டாலர் தருவதாகச் சொன்னார். அவருடைய மாநிலத்தின் நுகர்வோர் பிரிவில் புகார் கொடுத்திருக்கிறேன், இன்னும் முடிவு வரவில்லை. இப்போது வேறு பெயரில் டாக்டர் பெப்பர் என்ற குளிர்பானத்தின் இயந்திரம் ஒன்றை விற்பனைக்கு வைத்திருக்கிறார். விளம்பரத்தில் உள்ள உட்புறப் படம் எனக்கு அனுப்பிய அதே படம்.