குன்னூரில் ஒரு வாடகை வீடு: பதினோரு மாதம் இருந்து பார்த்தபின்

நவம்பர் மூன்றாவது வாரம் பீரோவைச் சுவரிலிருந்து அரையடி இழுத்தேன். சுவர் முழுக்கக் கறுப்புப் புள்ளி, பீரோவின் முதுகுத் தகட்டில் துரு. அடித்தட்டில் இருந்த அத்தையின் கூறைப்புடவை மடிப்பில் வெள்ளையாகப் பூஞ்சணம். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. புடவையை மடியில் விரித்து, ஜரிகையை இழுக்காமல், உலர்ந்த துணியால் ஒற்றிக்கொண்டே இருந்தார். மே மாதம் இந்த வீட்டைப் பார்த்தவுடன் "நல்ல வெளிச்சம்மா" என்று முதலில் சொன்னவரும் அவர்தான்.

தாம்பரத்திலிருந்து ஐந்து பேர் வந்தோம். கணவருக்கு வீட்டிலிருந்தே வேலை, மாதம் இரண்டு முறை கோயம்புத்தூர் போனால் போதும். மகள் ஆறாம் வகுப்பு, மகன் இரண்டாம் வகுப்பு. வரும்போதே வாங்கிவிடுவது என்றுதான் கிளம்பினோம். ஏப்ரலில் பார்த்த ஒரு வீட்டிலிருந்து எனக்குக் கண்ணையே எடுக்க முடியவில்லை. மாடியோடு 68 லட்சம். ஜன்னலைத் திறந்தால் தேயிலைத் தோட்டம், பின்பக்கம் புதிதாக வெள்ளையடித்த உயரமான தடுப்புச் சுவர்.

எங்களைத் தடுத்தவர் புரோக்கர். வாங்க வேண்டாம் என்று சொல்லும் புரோக்கரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "அக்கா, வாடகைக்கு இருங்க. வாங்கறதுன்னா ஐப்பசியில வந்து இதே வீட்டைப் பாருங்க. சித்திரையில எந்த வீடும் அழகாத்தான் இருக்கும்." நீலகிரி முழுக்க ஒரே பருவத்தில்தான் மழை என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அவர்தான் பாடம் எடுத்தார். ஊட்டி, கூடலூர் பக்கம் ஆடி மழை பெரிது. குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிது. 2009 நவம்பரில் மண் சரிந்து மாவட்டத்தில் நாற்பது பேருக்கு மேல் செத்ததும் அந்த மழையில்தான்.

கணக்கும் அவர் பக்கமே பேசியது. பத்திரச் செலவு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 68 லட்சத்துக்கு 6,12,000 ரூபாய். நாங்கள் கடைசியில் பிடித்த வீட்டின் வாடகை 14,000. அதாவது பத்திர ஆபீசில் கட்டுகிற பணத்தில் மூன்றரை வருஷத்துக்கு மேல் வாடகை கொடுத்துவிடலாம். 50 லட்சம் கடன் என்றால், எட்டரை சதவீத வட்டியில் இருபது வருஷத்துக்கு மாதத் தவணை 43,000 சொச்சம். முதல் மாதத் தவணையில் 35,000 வட்டிக்கே போகும். வாடகை கொடுப்பது பணத்தைத் தண்ணீரில் போடுவது என்று என் அண்ணன் போனில் சொல்லிக்கொண்டே இருந்தான். வட்டியை எதில் போடுகிறோம் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவான்.

வக்கீலிடம் காகிதத்தைக் கொடுத்தோம். முப்பது வருஷத்து வில்லங்கம் சுத்தம், பட்டாவும் சரி. ஆனால் அனுமதி வாங்கிய வரைபடத்தில் தரைத்தளம் மட்டும்தான் இருந்தது. மலை நகரங்களில் கட்டடம் ஏழு மீட்டர் உயரத்தைத் தாண்டக் கூடாது. மாடி காகிதத்திலேயே இல்லை. "பிறகு சரி பண்ணிக்கலாம்" என்றார் விற்பவர். எப்படி என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

சரி, வாடகை வீட்டுக்கு வருகிறேன். நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன்: சமையலறை பெரிது, தேக்கு ஜன்னல்கள் காற்றுக்கு ஆடாது, பக்கத்து வீட்டார் தங்கமானவர்கள். ரோட்டிலிருந்து 62 படி. புரோக்கர் "கொஞ்சம் படி இருக்கு" என்றதில் எனக்கு இன்னும் கோபம்தான். சிலிண்டர் தூக்கி வருகிறவருக்குத் தனியாக ஐம்பது ரூபாய். முட்டிவலிக்காரரான அத்தை கோயிலுக்குப் போவது வாரம் ஒரு நாளாகிவிட்டது. ஒரு திங்கட்கிழமை காலை முப்பதாவது படியில் காட்டுமாடு ஒன்று நின்று வேலிச்செடியை மேய்ந்தது. பிள்ளைகளும் நானும் மேலேயே நின்றோம். பள்ளி வேன் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. மகன் மட்டும் மகிழ்ந்தான்.

தண்ணீர் வாரம் ஒருமுறை, கோடையில் பத்து நாளும் ஆகும். 2,000 லிட்டர் டேங்க் இருந்ததால் தப்பித்தோம். கரண்டுக்கு ஓனர் யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்கினார். முன்பணம் ஒரு லட்சம் கேட்டார். வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது 2017ஆம் வருஷத்து வாடகைச் சட்டம். அதைச் சொன்னபின் 42,000க்கு இறங்கினார், முகம் மட்டும் இறங்கவில்லை.

பெரிய குறை திசை. ஜன்னல்களெல்லாம் வடக்குப் பார்த்தவை, தெற்கே வீட்டை ஒட்டி மலை. நாங்கள் பார்த்த மே மாதத்தில் சூரியன் வடக்கே சாய்ந்து போவதால் காலையும் மாலையும் உள்ளே வெயில் வந்தது. கார்த்திகையில் சூரியன் தெற்கே போய் மலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. பிள்ளைகள் அறையில் ஐப்பசி முதல் தை வரை ஒரு கீற்று வெயில் விழவில்லை. துவைத்த சீருடை மூன்று நாள் ஈரம். இஸ்திரி போட்டு உலர்த்தியே கரண்ட் பில் ஏறியது. பீரோ கதை அங்கே ஆரம்பித்ததுதான்.

நவம்பரில் அடைமழை நான்கு நாள் விடாமல் பெய்து ஓய்ந்த மறுநாள், புரோக்கரைக் கூட்டிக்கொண்டு அந்த 68 லட்சம் வீட்டைப் போய்ப் பார்த்தோம். தடுப்புச் சுவரில் மண்ணுக்குள் இருக்கும் தண்ணீர் வடிய வரிசையாகக் குழாய் விட்டிருப்பார்கள். விற்பனைக்காக அழகு பண்ணியபோது அவற்றின் மேலேயே சிமெண்ட் பூசி வெள்ளையடித்திருந்தார்கள். உள்ளே தேங்கிய தண்ணீர் போக வழியில்லாமல், சுவர் நடுவில் வயிறு தள்ளி நின்றது. குறுக்கே ஒரு விரிசல், அதில் செம்மண் கலங்கலாக ஒழுகிக்கொண்டிருந்தது. புரோக்கர் விரலை வைத்துக் காட்டினார். "தெளிஞ்ச தண்ணி வந்தா பயமில்ல அக்கா. மண்ணையும் சேர்த்துக் கொண்டுட்டு வருது பாருங்க." சுவருக்கும் அடுக்களைக்கும் நடுவில் நாலடிகூட இல்லை. அந்த வீடு இப்போது 61 லட்சத்துக்கு வந்திருக்கிறது.

மதிப்பெண் கேட்டால் வீட்டுக்கு ஐந்துக்கு இரண்டரை. புரோக்கருக்கு நாலரை, படிக்கணக்கைச் சொல்லாததற்கு அரை குறைத்தேன். கமிஷன் ஒரு மாத வாடகை, அந்தப் பணத்துக்கு வேலை செய்தார்.

வாங்கும் ஆசை போகவில்லை, அவசரம் போயிருக்கிறது. மார்ச்சில் ஒப்பந்தம் முடிகிறது. அருவங்காடு பக்கம் வேறு வாடகை வீடு பேசியிருக்கிறோம். 16,500 ரூபாய், 19 படி, படுக்கையறை ஜன்னல் தெற்கே. தை மாதத்திலேயே போய்ப் பார்த்தோம். ஓனர் கிச்சன் அலமாரியைக் காட்டிக்கொண்டிருந்தபோது, அத்தை அந்தத் தெற்கு ஜன்னல் திண்டில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பை வெயிலில் விரித்துப்போட்டுக்கொண்டு, எழுந்திருக்கவே மாட்டேன் என்றுவிட்டார்.