முகத்துக்கு பி.ஆர்.பி. ஊசி: ஓராண்டு தாண்டிய பிறகு

கன்னத்தைத் தடவிப் பார்த்தால் பலன் தெரிகிறது. படம் எடுத்துப் பார்த்தால் தெரியவில்லை. ஓராண்டுக்கு மேல் ஆன பிறகும் என் தீர்ப்பு இதுதான்.

கண்ணோரச் சுருக்கம், கன்னத்தில் விரிந்த துளைகள், கூடவே மங்கு. இவற்றுக்காகத்தான் போனேன். கையில் ரத்தம் எடுத்து மையவிலக்குக் கருவியில் சுழற்றுகிறார்கள். சிவப்பணுக்கள் அடியில் தங்க, மேலே மஞ்சள் நிறத்தில் பிளாஸ்மா தெளிகிறது. அதில் தட்டணுக்கள் (ரத்தம் உறைய உதவும் நுண்ணிய அணுக்கள்) செறிந்த பகுதிதான் பி.ஆர்.பி. அதை உறிஞ்சி முகத்தில் செலுத்துகிறார்கள். காயத்தை ஆற்றும் வளர்ச்சிக் காரணிகள் தட்டணுக்களில் இருக்கின்றன. அவை தோலுக்குள் கொலாஜனை, அதாவது தோலுக்கு உறுதி தரும் புரதத்தை, தூண்டும் என்பது கணக்கு. ஆஸ்பிரின், இபுபுரோஃபன் போன்றவை தட்டணுக்களின் வேலையைக் கெடுக்கும் என்பதால் முன்கூட்டியே நிறுத்தச் சொன்னார்கள்.

மரத்துப்போகும் களிம்பு பூசியும் கண்ணுக்குக் கீழே நன்றாகவே வலித்தது. முதல் தவணை முடிந்த கையோடு ஒரு கல்யாணத்துக்குக் கன்றிய கண்களுடன் போனேன். உறவுக்காரப் பெண்கள் என் கணவரை முறைத்த முறைப்பு தனிக் கதை.

மாத இடைவெளியில் தவணைகள் முடிந்தபோது தோல் மிருதுவாகியிருந்தது. பவுடர் திட்டுத்திட்டாக நிற்கவில்லை. சுருக்கம் அப்படியே இருந்தது. மங்கு இம்மியும் அசையவில்லை. மருத்துவரின் கண்டிப்பால் தினமும் சன்ஸ்கிரீன் பூசத் தொடங்கியதும் அதே மாதங்களில்தான். மிருதுவுக்கான பெருமையில் அதற்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்க வழியில்லை.

அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட சிறிய ஆய்வைப் படித்தபோது சிரிப்பு வந்தது. ஒரு கன்னத்தில் பி.ஆர்.பி., மறு கன்னத்தில் வெறும் உப்பு நீர். 6 மாதம் கழித்து, பி.ஆர்.பி. போட்ட பக்கமே மேல் என்றார்கள் ஊசி போட்டுக்கொண்டவர்கள். எந்தப் பக்கம் எது என்று தெரியாமல் படங்களை ஆராய்ந்த தோல் மருத்துவர்களுக்கோ குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. என் விரலுக்கும் கேமராவுக்கும் நடக்கும் வழக்கும் அதேதான்.

'உங்கள் ரத்தம்தானே, பயமே இல்லை' என்று சொல்லி விற்கிறார்கள். குழாய் மாறாத வரைக்கும், ஊசி புதிதாக இருக்கும் வரைக்கும்தான் அந்தப் பேச்சு செல்லும். நியூ மெக்சிகோவில் உரிமமில்லாத ஓர் அழகு நிலையத்தில் இத்தகைய சிகிச்சை செய்துகொண்ட பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியதை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024-இல் பதிவு செய்தது. நான் போன இடத்தில் குழாயில் என் பெயரை எழுதி, ஊசியின் உறையை என் கண்ணெதிரே பிரித்தார்கள். அப்படிச் செய்யாத இடத்தில் உட்காராதீர்கள். தட்டணு குறைவானவர்களுக்கும், ரத்தம் உறையாதிருக்க மாத்திரை எடுப்பவர்களுக்கும் பொதுவாக இது பரிந்துரைக்கப்படுவதில்லை.

ஆண்டுக்கொரு முறை போட்டால்தான் பலன் நிலைக்கும் என்று கிளினிக்கிலிருந்து அழைத்துக்கொண்டே இருக்கிறார்கள். நான் போகவில்லை. இரவில் மருத்துவர் எழுதித் தந்த ட்ரெட்டினாயின் (வைட்டமின் ஏ வகை மருந்து) களிம்பு, பகலில் சன்ஸ்கிரீன். செலவு, ஊசிக்கு ஆனதில் சிறு பங்கு. சுருக்கம் குறையும் என்பதற்கு ஆதாரமும் இவற்றுக்கே அதிகம்.