பங்கு விலைக் கருவியை ஏஐ ஏஜென்டுக்கு விளக்குவது எப்படி: ரீட்மீ, ஓப்பன்ஏபிஐ, எம்சிபி, ஸ்கில்

"நீலகிரி டீ இப்போ என்ன விலை?" என்று கோத்தகிரியில் ஒருவர் கேட்டால், அவர் தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கும் பச்சைத் தேயிலை விலையைக் கேட்கலாம். குன்னூர் ஏலத்தில் தூள் போன விலையாக இருக்கலாம். யுனைடெட் நீலகிரி டீ எஸ்டேட்ஸ் பங்கின் விலையாகவும் இருக்கலாம். ஆளைத் தெரிந்தவருக்குக் குழப்பமில்லை. நமக்காகக் கருவிகளை இயக்கி வேலை முடிக்கும் ஏஐ ஏஜென்டுக்கு ஆளைத் தெரியாது. கையில் பங்கு விலையை எடுத்துத் தரும் சிறு நிரல், அதாவது பங்கு விலைக் கருவி, இருந்தால், 'விலை' என்று காதில் விழுந்ததும் அதை ஓட்டிவிடும். எப்போது ஓட்டலாம், எப்போது கூடாது என்று அதற்குச் சொல்வது நாம் எழுதி வைக்கும் விளக்கம் மட்டும்தான். அதை எழுத இன்று நான்கு வழிகள் இருக்கின்றன.

ரீட்மீயைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அது நிரலோடு சேர்த்து டெவலப்பருக்காக எழுதப்படும் அறிமுகக் கோப்பு. இன்ஸ்டால் செய்வது, ஏபிஐ சாவி (சேவையைப் பயன்படுத்தும் அனுமதிக் குறியீடு) வாங்குவது என்றே பாதிப் பக்கம் போய்விடும். ஓடிக்கொண்டிருக்கும் ஏஜென்டுக்கு அதெல்லாம் தேவையில்லை. முழுசாகத் திணித்தால் டோக்கன்தான் (அது படிக்கும் சொல் துண்டுகள்) செலவு.

ஒரு சேவைக்கு என்ன அனுப்பலாம், என்ன திரும்பி வரும் என்று வரையறுக்கும் ஓப்பன்ஏபிஐ, அதாவது பழைய ஸ்வாகர், கறாரான ஆள். எந்த உள்ளீடு கட்டாயம், எது எண், எது எழுத்து, எக்ஸ்சேஞ்ச் என்ற இடத்தில் என்எஸ்இ, பிஎஸ்இ ஆகிய இந்தியப் பங்குச் சந்தைகள் தவிர வேறெதுவும் வரக்கூடாது என்றெல்லாம் அதில் கட்டிப்போடலாம். ஆனால் அது சொல்வது பெரும்பாலும் வடிவத்தை மட்டும். 'விலை: எண்' என்று இருந்தால் அது ரூபாயா, டாலரா? இன்ஃபோசிஸுக்கு என்எஸ்இ-யிலும் நியூயார்க்கிலும் ஒரே குறியீடுதான்; அங்கே டாலர், இங்கே ரூபாய். லண்டன் பங்குகள் பலவற்றின் விலை பவுண்டில்கூட வராது, அதில் நூறில் ஒரு பங்கான பென்ஸில் வரும். இதையெல்லாம் எழுத ஓப்பன்ஏபிஐ-யில் விளக்கப் புலம் இருக்கிறது. அதைக் காலியாக விட்டுவிட்டு நகர்வதுதான் நம்மில் பலருடைய வழக்கம்.

என் ஓட்டு எம்சிபி-க்கு. ஏஜென்டையும் கருவிகளையும் இணைக்க ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட இந்த முறையில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், ஒரு விவரிப்பு, உள்ளீட்டு ஸ்கீமா (என்ன அனுப்ப வேண்டும் என்ற வடிவம்) இருக்கும். எந்தக் கருவியை எடுக்கலாம் என்று ஏஜென்டின் மூளையான மாடல் யோசிக்கும் நேரத்தில் அதன் கண்முன் இருப்பது இந்த விவரிப்புதான். அதனால் இங்கே எழுதும் ஒரு வரி, ரீட்மீயில் எழுதும் ஒரு பக்கத்தைவிட அதிக வேலை செய்யும். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"என்எஸ்இ அல்லது பிஎஸ்இ-யில் உள்ள ஒரு பங்கின் கடைசி வர்த்தக விலையை ரூபாயில் தரும். பச்சைத் தேயிலை விலை, ஏல விலை, மியூச்சுவல் ஃபண்ட் யூனிட் மதிப்பு (என்ஏவி) ஆகியவற்றுக்கு இதை அழைக்காதே. நிறுவனப் பெயர் மட்டும் தெரிந்தால் முதலில் குறியீடு தேடும் கருவியை அழை. விலையைச் சொல்லும்போது அது எந்த நேரத்து விலை என்பதையும் சொல்."

கடைசி வரியை அலங்காரம் என்று நினைத்து வெட்டிவிடாதீர்கள். சந்தை காலை 9.15 முதல் மாலை 3.30 வரைதான். ஞாயிற்றுக்கிழமை கேட்டால் வருவது பழைய விலை. சிறிய எஸ்டேட் கம்பெனிப் பங்குகள் சில நாட்களில் கைமாறுவதே இல்லை. இதில் மலைக்கே உரிய தொல்லை ஒன்றும் சேரும். மழையில் லைன் போனால், நம் சர்வர் சேமித்து வைத்த விலையையே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும். பதிலில் நேரம் இல்லையென்றால் அதைப் புதிய விலை என்றே ஏஜென்ட் சொல்லும்.

பிழைச் செய்தியும் விளக்கத்தில் சேர்ந்ததுதான். இதை யாரும் கவனிப்பதில்லை. யுனைடெட் நீலகிரி டீ என்எஸ்இ-யில் இருக்கிறது. குன்னூரின் நீலமலை அக்ரோவுக்குப் பிஎஸ்இ பக்கம் போக வேண்டும். எக்ஸ்சேஞ்சை ஏஜென்ட் தவறாக ஊகித்து, கருவியும் 'கிடைக்கவில்லை' என்ற வெறும் 404 பிழை எண்ணைக் கொடுத்தால், பயிற்சியில் படித்த ஏதோ ஒரு பழைய விலையை மாடல் எடுத்துவிட வாய்ப்பிருக்கிறது. "இந்தக் குறியீடு என்எஸ்இ-யில் இல்லை, பிஎஸ்இ-யில் தேடு, விலையை ஊகிக்காதே" என்று பதில் வந்தால் அதுவே திருத்திக்கொள்ளும். மஹிந்திரா பங்கின் குறியீடான 'எம்&எம்' வேறு வகைத் தலைவலி. நடுவில் உள்ள அந்த '&' இணைய முகவரியைப் பாதியில் வெட்டிவிடும். அதை மாற்றி அனுப்புவது கருவியின் வேலை, ஏஜென்டிடம் விடக்கூடாது.

எம்சிபி-யிலும் குறை உண்டு. கருவிகள் கூடக் கூட விவரிப்புகள் எல்லாம் சேர்ந்து, மாடல் ஒரே நேரத்தில் படிக்கக்கூடிய இடமான கான்டெக்ஸ்டை அடைக்கும். அங்கேதான் நான்காவது வழியான ஸ்கில் கோப்பு, அதாவது ஒரு வேலையைச் செய்யும் முறையை எழுதி வைக்கும் கோப்பு, உதவும். 2025 அக்டோபரில் வந்த இதில் பெயரும் சிறு விவரிப்பும் மட்டும் முதலில் ஏறும், மீதி தேவைப்படும்போதுதான் திறக்கும். நெஸ்லே இந்தியா 2024 ஜனவரியில் ஒரு பங்கைப் பத்தாகப் பிரித்தது. அதற்கு முந்தைய விலையை அப்படியே இன்றைய விலையோடு ஒப்பிட்டால் பங்கு மண்ணைக் கவ்வியது போலத் தெரியும். ஸ்பிளிட் (இப்படிப் பங்கைப் பிரிப்பது), போனஸ் (இலவசமாகத் தரும் பங்கு) எல்லாம் சரிக்கட்டிப் பழைய விலையை ஒப்பிடும் படிப்படியான வேலைக்கு ஸ்கில் பொருத்தம். இன்றைய விலை ஒன்றை எடுத்துச் சொல்ல மட்டும் என்றால் அது வீண் சுமை.

உங்கள் சேவையை வெளி ஆட்களும் நிரல் எழுதிப் பயன்படுத்துகிறார்கள் என்றால் ஓப்பன்ஏபிஐ-யையும் வைத்திருங்கள். உள்ளீட்டு ஸ்கீமாவை அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். விவரிப்பை மட்டும் கையால் எழுதுங்கள். தானாக உருவாக்கினால் "பங்கு விலையைப் பெறும்" என்ற ஒற்றை வரிதான் கிடைக்கும்.