அருங்காட்சியகத்தில் கைபேசி: ஆப், கியூஆர் கோடு, ஆடியோ கைடு – எதை நம்பலாம்?

இந்த வசதிகள் எல்லாவற்றையும் நான் ஒரே கேள்வி கேட்டுத்தான் எடைபோடுவேன்: பார்வையாளரின் கண் காட்சிப்பொருளில் நிற்கிறதா, திரையில் நிற்கிறதா?

ஆடியோ கைடு இதில் எளிதாகத் தேறிவிடும். ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெடெலிக் அருங்காட்சியகம் 1952-லேயே ரேடியோ அலை வழியாக இதைத் தொடங்கியது. காது கேட்டுக்கொண்டிருக்க, கண் தன் வேலையைப் பார்க்கும். சிரமம் நிர்வாகத்துக்குத்தான்: வாடகைக்குக் கொடுத்து, திரும்ப வாங்கி, துடைத்து, சார்ஜ் போட்டு மாளாது.

சொந்த ஆப் அந்தச் சுமையைப் பார்வையாளரின் போனுக்கு மாற்றுகிறது. ஆனால் ஒரே ஒரு முறை வருபவர் வாசலில் நின்று அதை இறக்கிக்கொண்டிருக்க வேண்டும். வேறு வழியில் கிடைக்காத ஒன்றைத் தந்தால்தான் அந்தக் காத்திருப்பு தகும். ஜிபிஎஸ் கட்டடத்துக்குள் சரியாக எடுக்காது என்பதால், நியூயார்க்கின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் கூடமெங்கும் புளூடூத் பீக்கன்களை (போன் எங்கே இருக்கிறது என்று கண்டறிய உதவும், சிக்னல் அனுப்பும் சிறு கருவிகள்) பொருத்தி ஆப் வழியாக வழிகாட்டியது. அவ்வளவு பெரிய கட்டடத்துக்கு அது நியாயம். நான்கு அறை உள்ள இடத்துக்கு எதற்கு?

ஏ.ஆர்., அதாவது கேமராவில் தெரியும் நிஜப் பொருளின் மேல் கணினிப் படத்தை ஏற்றிக் காட்டும் உத்தி. அந்த விஷயத்தில், வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் 2015-ல் எலும்புக்கூடுகளுக்குச் செய்தது எனக்குப் பிடிக்கும். போனை நீட்டினால் கூட்டின் மேல் சதையும் தோலும் ஏறி, விலங்கு அசையும். மீண்டும் எலும்பைப் பார்க்கும்போது அது புரிகிறது. நல்ல ஓவியத்தின் மேல் இதே வித்தையைக் காட்டினால் கெடுதல்தான்.

அடுத்து கியூஆர் கோடு. 1994-ல் ஜப்பானில் கார் உதிரிபாகங்களுக்காக உருவானது. 2017-ல் ஐபோன் கேமராவே அதைப் படிக்கத் தொடங்கியதும் தனி ஆப் தேவைப்படவில்லை. மலிவு, எளிது. ஆனால் பல இடங்களில் ஸ்கேன் செய்தால் நீளமான கட்டுரைதான் திறக்கிறது. பழைய துணிகளும் ஓலைச்சுவடிகளும் இருக்கும் அறையில் வெளிச்சத்தை 50 லக்ஸ் அளவுக்குக் குறைத்து வைப்பார்கள். குனிந்தால் நம் நிழலே கோடின் மேல் விழும். எப்படியோ ஸ்கேன் செய்து, பளீரென்ற திரையைப் படித்துவிட்டு நிமிர்ந்தால், எதிரே உள்ள நெசவின் நூலோட்டம் கண்ணுக்கே தெரியாது.

மனதுக்கு மிக நெருக்கமானது புரூக்ளின் அருங்காட்சியகம் 2015-ல் கொண்டுவந்த முறை: ஒரு படைப்பைப் பற்றிக் கேள்வி அனுப்பினால், விவரம் தெரிந்த ஊழியர் அப்போதே பதில் எழுதுவார். கேள்வி கேட்க வேண்டுமென்றாலே முதலில் உற்றுப் பார்த்தாக வேண்டும், இல்லையா? ஆனால் நாள் முழுவதும் அதற்கென ஆட்கள் வேண்டும். சிறிய அருங்காட்சியகங்களுக்குக் கட்டுப்படியாகாது.

அவர்களுக்கு என் ஓட்டு கியூஆர் கோடுக்கே, அது குரலைத் திறக்கும் என்றால். ஒலிப்பதிவு ஒன்றரை நிமிடத்தைத் தாண்டக் கூடாது. காது கேளாதவர்களுக்கு அதே பேச்சு எழுத்தாகவும், கறுப்புப் பின்னணியில், இருக்க வேண்டும். கியூஆர் கோடை, காட்சிப் பெட்டியின் கண்ணாடிக்குக் கீழே ஒட்டாமல், நிழல் விழாத உயரத்தில் பக்கவாட்டில் ஒட்டுங்கள். வைஃபை இல்லாத மூலையிலும் ஓடுகிறதா என்பதைத் திறப்பதற்கு முன்பே நடந்து சோதித்துவிடுங்கள்.