இதயத்துக்கு இதமான மதியச் சாப்பாடு: வெள்ளவத்தைக் கடையொன்று

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில், வீட்டின் முன்விறாந்தையிலேயே நடக்கும் இந்தச் சிறிய சாப்பாட்டுக் கடையை, நாள்தோறும் வெளியில் சாப்பிட வேண்டியவர்களுக்கு, அதிலும் இரத்த அழுத்தத்துக்கோ கொலஸ்ட்ரோலுக்கோ மருந்து எடுப்பவர்களுக்கு, மனமாரப் பரிந்துரைக்கிறேன்.

கொழும்பில் கிடைக்கும் சோற்றுப் பார்சலில் பாதிக்கு மேல் வெள்ளைச் சோறுதான். மரக்கறி ஓரத்தில் பெயருக்கு இருக்கும். இங்கே தவிடு போகாத சிவப்பரிசிச் சோறு அளவாகவே வருகிறது, மீதித் தட்டு மரக்கறிக்கும் பருப்புக்கும் உரியது. நாளொன்றுக்கு 400 கிராம் மரக்கறியும் பழமும் உண்ணுமாறு உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதில் நல்லதொரு பங்கு இந்த ஒரு வேளையிலேயே வயிற்றுக்குள் போய்விடுகிறது.

பருப்புக் கறியைத் தனியே சொல்ல வேண்டும். முதற்பால் விடாமல், உள்ளியும் சீரகமும் தட்டிப்போட்டு, குழைய அவித்து, இறக்கிய பின் தேசிப்புளி விடுகிறார்கள். தேங்காய்ப்பாலிலுள்ள நிறைவுற்ற கொழுப்பு கெட்ட கொலஸ்ட்ரோலை உயர்த்தும் என்று தெரிந்தும், பால் விடாத கறி வாயில் வைக்க வராது என்று நம் வீடுகளில் இன்னும் பிடிவாதமாக இருக்கிறோம். இந்தப் பருப்பில் அந்தக் குறையே தெரியவில்லை. பருப்பிலுள்ள கரையும் நார்ச்சத்து குடலில் பித்த அமிலங்களைப் பிடித்து வெளியேற்றி, இரத்தத்தில் கொலஸ்ட்ரோல் குறையவும் உதவுகிறது. முருங்கையிலை வறையும் பச்சை நிறம் மாறாமல், தேங்காய்ப்பூ தூவலாக மட்டும் சேர்ந்து வந்தது. மீன் என்றால் பெரும்பாலும் சாளை. பொரிக்காமல் பழப்புளிக் குழம்பாக வைக்கிறார்கள். இதயத்துக்கு நல்லதான ஒமேகா-3 கொழுப்பைப் பெற, விலை கூடிய மீனைத் தேடி அலையத் தேவையில்லை என்பதை இந்தக் கடை சரியாகப் புரிந்து வைத்திருக்கிறது.

உப்பு விடயத்தில்தான் எனக்குக் கடுமையான குறை உண்டு. கறிகளில் அளவோடு நிற்பவர்கள், கேளாமலேயே தட்டில் மோர்மிளகாயும் அப்பளமும் ஊறுகாயும் வைத்துவிடுகிறார்கள். மாசிச் சம்பலும் கரித்தது. ஒருவருக்கு முழு நாளுக்குமே 5 கிராமுக்குக் குறைந்த உப்புதான், அதாவது ஒரு சிறு தேக்கரண்டிக்கும் குறைவு, என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். கறிச்சட்டியில் மிச்சப்படுத்தியதைத் தட்டின் ஓரத்தில் திருப்பிக் கொடுப்பதில் என்ன பயன்? சொன்னால் முகம் சுளிக்காமல் எடுத்துவிடுகிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் கேட்பவர்களுக்கு மட்டும் அவற்றை வைப்பதே முறை.

இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்பரின் மாத்திரை எடுப்பவர்கள் கீரையின் அளவைத் திடீரென்று கூட்டாமல், முதலில் தமது வைத்தியரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

விலை சாதாரணப் பார்சலைவிடச் சற்றுக் கூடத்தான். இரவுச் சாப்பாடு இல்லை. மீன் வேண்டுமென்றால் ஒரு மணிக்கு முன்னரே போய்விடுங்கள்.